பாட்டிற்கும் பாடு வேண்டும்

‘பாடு’ என்னும் சொல்லைப் பள்ளியில் சொன்னால் பிள்ளைகள் வாய்திறந்து பாடுவார்கள். அதே சொல்லைக் கோட்டைக்குப்பத்துக் கழிக்கரையில் சொன்னால், இன்று வலையிடும் முறை யாருக்கு என்று கேட்பார்கள். பழவேற்காட்டுக் கழியில் மீன்படும் இடங்களைக் குடிகள் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஒழுங்கிற்கு அங்கே பாடு என்றே பெயர். பாடுதலும் பாடு, வலையிடும் முறையும் பாடு, உடல் வருந்த உழைப்பதும் பாடு, கதிரவன் படும் பொழுது எற்பாடு. இந்நான்கனுள் முதல் மூன்றையும் அவ்வூர்ப் பிள்ளைகள் எந்நூலின் துணையுமின்றி வாழ்க்கையிலிருந்தே கற்றுக்கொண்டு பள்ளிக்கு வருகின்றனர். நான்காவதை மட்டுமே ஆசிரியர் கற்பிக்க வேண்டும். நடப்பதோ வேறு. ‘எற்பாடு எத்திணைக்குரிய சிறுபொழுது?’ என்னும் ஒரு மதிப்பெண் வினாவாக நான்காவது நிற்கின்றது. மற்றை மூன்றும் கேட்பாரற்று வகுப்பிற்கு வெளியே கிடக்கின்றன. பாட்டுக் கற்பித்தல் இன்று எந்நிலையில் உள்ளது என்பதை அறிய இவ்வொன்றே போதும்.

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்திலுள்ளது பழவேற்காடு. ஒல்லாந்தர் அங்கே 1613-ஆம் ஆண்டில் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். கோட்டை இன்று இடிந்து மண்மேடாகிப் புதர் மண்டிவிட்டது. குப்பத்தின் பெயரில் மட்டும் கோட்டை நிலைத்து நிற்கின்றது. ஒல்லாந்தர் தம்முள் இறந்தாரைப் புதைத்த இடத்தில் பெயர் பொறித்த கற்களை நட்டனர். அக்கற்கள் இன்றும் உள. கடல்கடந்து வந்தவர் பெயரைக் கல் காத்தது. அக்கடலிலேயே வாழ்ந்து மடிந்த தமிழ் மீனவரின் சொல்லைக் காத்தது எது? கல்லுமன்று, ஏடுமன்று, அவர்தம் மக்களின் வாயே காத்தது. அவ்வாய்மொழியை வாங்கி ஏட்டில் ஏற்றுவதற்குரிய முதலிடம் பள்ளி. அப்பள்ளியிலேயே அவ்வாய் மூடப்படுமாயின், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு நெய்தல் வாழ்வின் கடைசிச் சுவடியும் மூடப்படுகின்றது என்க.

பாடு என்னும் ஒழுங்கைச் சற்றே ஆழ்ந்து நோக்குக. கழியில் எல்லா இடமும் ஒன்றுபோல் மீன் தருவதில்லை. கடலும் கழியும் கலக்கும் முகத்தருகே ஏற்றவற்றத்தை எதிர்பார்த்து வலையிட்டால் இறால் மிகுதியாகப் படும், பிறவிடங்களில் குறையும். நல்லவிடத்தை வலியவன் ஒருவனே நாளும் பிடித்துக்கொண்டால் மெலியவன் குடும்பம் பட்டினி கிடக்கும். ஆகலின் உரிமையுடைய குடிகள் சீட்டெடுத்து, இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என முறைவைத்துக்கொண்டனர். இன்று நல்லவிடம் பெற்றவனுக்கு நாளை வேறிடம். இன்று குறைவிடம் பெற்றவனுக்கும் நல்லவிடம் ஒருநாள் வந்தே தீரும். எழுதப்பட்ட சட்டத்தினும் இவ்வாய்மொழி முறைக்கு அங்கே வலிமை மிகுதி. இம்முறையிலும் குறையில்லாமல் இல்லை. எல்லாக் குடிகளுக்கும் பாட்டுரிமை கிடையாது. கழியில் இறங்கிக் கைகளாலேயே இறாலைத் தடவிப் பிடிக்கும் இருளர் குடியினர் அம்முறைக்குப் புறத்தே நிற்கின்றனர். ஆயினும், முறைக்குட்பட்டோர் எவரையும் ‘உனக்கு முறையில்லை’ என்று கைவிடாமை அதன் அறம்.

இனித் தமிழ் வகுப்பறையை நோக்குக. பாட்டுப் பாட வேண்டுமாயின் எழுந்து நிற்பவர் யார்? முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் ஓரிருவர். ஆண்டுவிழா மேடையில் ஒப்புவிப்பவரும் அவரே. மன்றப் போட்டியில் பரிசு பெறுபவரும் அவரே. கடைசி வரிசையில், விடியற்காலையில் தந்தையோடு வலை உதறிவிட்டு உப்புப் படிந்த கையோடு வந்தமர்ந்த பிள்ளைக்குப் பாட்டில் முறை வருவதே இல்லை. பத்தாண்டு பள்ளியிலிருந்தும் தன் குரலில் ஒரு பாட்டையேனும் பாடாமல், தன் கையால் நான்கடியேனும் எழுதாமல் அப்பிள்ளை வெளியேறுகின்றது. கழியில் மீனவர் கண்ட முறையைக் கற்றறிந்த ஆசிரியர் வகுப்பில் காணவில்லை என்பது வருந்தற்குரியதன்றோ? மீனுக்குப் பாடு இருப்பதுபோல் பாட்டிற்கும் பாடு வேண்டும். வகுப்பில் அமைக்கும் பாடோ இருளர் பிள்ளையையும் விலக்காத பாடாக இருத்தல் வேண்டும்.

நெய்தல் திணையைக் கற்பிக்கும் முறை இன்னும் இரங்கத்தக்கது. நெய்தலுக்குரிய கழிக்கரையிலேயே பள்ளி நிற்கின்றது. சாளரத்தைத் திறந்தால் உப்புக்காற்று வீசுகின்றது. பருவத்தில் பூநாரைக் கூட்டம் கழியில் இறங்கி நிற்கின்றது. கரைமணலில் அடும்பு படர்ந்து கிடக்கின்றது. உள்ளேயோ கரும்பலகையில் கட்டம் வரைந்து, முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எனப் பிரித்து, ‘மக்கள்: பரதவர், நுளையர்’ என்று எழுதிப் போடுகின்றனர். அப்பிள்ளைகளும் அதை ஏட்டில் பெயர்த்தெழுதி நெட்டுருச் செய்கின்றனர். அக்கட்டத்திற்குள் இருப்பவர் தாமே என்பதை அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை! ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறு பாடிய அம்மூவனாரும், நெய்தலையே பெரும்பாலும் பாடிய உலோச்சனாரும் தங்கள் பாட்டன்மார் வாழ்ந்த வாழ்வைப் பாடியவர் என்னும் பெருமிதம் அவர்கள் நெஞ்சில் ஊன்றப்படுவதில்லை.

குறுந்தொகையில் ஒரு பாட்டு உண்டு. சுறா தாக்கிய புண் ஆறியதும் தந்தை மறுபடியும் நீலக்கடலுக்குள் சென்றுவிட்டான். உப்பைக் கொடுத்து நெல்லை மாற்றிவரத் தாயும் உப்பளத்திற்குப் போய்விட்டாள் என்று வீட்டில் தனித்திருக்கும் பெண்ணொருத்தி சொல்கின்றாள். அகப்பொருட் பாட்டே எனினும், அதன் பின்புலமாக நிற்கும் குடும்பம் எது? புண்பட்டும் கடலை விடாத தந்தை. விற்றுவந்தால்தான் உலைநீர் கொதிக்கும் என்னும் தாய். இருவரும் போனபின் வெறிச்சோடிய வீடு. மீனங்காடிக்குக் கூடை சுமந்துசெல்லும் தாயையும், கடல் சீறினாலும் அடங்கியவுடன் புறப்பட்டுவிடும் தந்தையையும் உடைய பிள்ளைக்கு இப்பாட்டில் உரைவேண்டும் இடம் எத்துணை? ‘யாய் என்றால் என் அம்மா’ என்று ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொடுத்தால், எஞ்சியதை அப்பிள்ளையே ஆசிரியர்க்கு விரித்துரைக்கும். அதை விடுத்து, ‘யாய்: பொருள் தருக, புக்கனன்: இலக்கணக் குறிப்புத் தருக’ என்று தொடங்கினால் பாட்டு உயிரிழக்கின்றது. இலக்கணக் குறிப்பு வேண்டும், மறுப்பில்லை. ஆனால் அது நான்காம் நாள் வேலை. முதல் நாளில் பாட்டு காதில் விழ வேண்டும். இரண்டாம் நாளில் நெஞ்சில் விழ வேண்டும். மூன்றாம் நாளில் வாயில் எழ வேண்டும்.

தமிழ்ப்பற்றுடையார் இவ்விடத்தில் கருத்தூன்ற வேண்டுவது ஒன்றுண்டு. தூயதமிழ் அகரமுதலியில் மட்டும் உறைகின்றது என்று எண்ணிக்கொண்டு, பிள்ளைகள் வாயில் வழங்கும் பேச்சை முழுமையும் இழிவழக்கு என ஒதுக்கும் போக்கு தமிழார்வலரிடையேயும் உண்டு. இது பெரும்பிழை. திசைக்கொரு காற்றாகத் தென்றல், வாடை, கொண்டல், கோடை என நான்கு பெயர் வைத்தது தமிழ். நகரத்துப் பிள்ளை அந்நான்கையும் தேர்வுக்கு முதல்நாள் நெட்டுருச் செய்து மறுநாள் மறக்கின்றது. மீனவரோ வாடையையும் கொண்டலையும் நாளும் சொல்கின்றனர். காற்றின் பெயரைத் தவறிச் சொன்னால் வலையும் போகும், உயிரும் போகும். தோணி, கட்டுமரம், வலை, துறை, கழி, இறால், சுறா, திருக்கை, மடவை, கொடுவா என்று அவர்கள் வாயில் வழங்குவன எல்லாம் எம்மொழியினின்று வந்தவை? கட்டுமரம் என்னும் சொல்லை ஆங்கிலேயன் வாங்கிச் சென்று தன் அகராதியில் ஏற்றி, உலகமெங்கும் வழங்கச் செய்தான். அச்சொல்லைக் கட்டிக் காத்தவனின் மகன் தமிழ்த்தாளில் அதனை எழுதினால், ‘கலம் என்று எழுது’ எனத் திருத்துகின்றனர். இதனினும் நகைப்பிற்குரியது பிறிதுண்டோ?

அவர்கள் பேச்சில் அயற்சொல்லும் கலந்திருக்கின்றது, மறைக்க வேண்டுவதில்லை. ‘போட்டு’ என்பர், ‘இஞ்சின்’ என்பர். அதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. ‘இதற்கு உன் தாத்தா என்ன பெயர் சொல்வார்? கேட்டுவந்து நாளைச் சொல்’ என்று அனுப்புக. மறுநாள் அப்பிள்ளை ஒரு சொல்லோடன்றி நான்கு சொல்லோடு வரும். கடிந்துகொண்டால் பிள்ளை அயற்சொல்லை விடாது, பேச்சையே விட்டுவிடும். தாத்தாவினிடம் அனுப்பினாலோ, அயற்சொல்லைத் தானே விட்டுவிட்டுத் தமிழ்ச்சொல்லைப் பெருமிதத்தோடு கைக்கொள்ளும்.

எழுத்துப் பயிற்சிக்கு வருக. ‘கடல்’ என்று தலைப்புக் கொடுத்தவுடன் பிள்ளைகள் என்ன எழுதுகின்றனர்? ‘கடல் மிகப் பெரியது. கடலில் பலவகை மீன்கள் வாழ்கின்றன. கடலால் பல நன்மைகள் உண்டு.’ கடலையே பாராத ஊரில் அச்சிட்ட கைந்நூலிலிருந்து, கடலில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இவ்வாறு பார்த்தெழுதுகின்றனர். முழு மதிப்பெண்ணும் பெறுகின்றனர். ஆயின் ஒரு பிள்ளை துணிந்து, ‘வலை காய்ந்து கிடக்கிறது. அம்மா இன்று யாரிடமும் பேசவில்லை’ என்று இரண்டே வரி எழுதிவிட்டது என்று வைத்துக்கொள்க. அதற்குக் கிடைப்பதென்ன? ‘சிறிதாக உள்ளது, தலைப்பிற்குத் தொடர்பில்லை’ என்னும் சிவப்பு மைக்குறிப்பு! காய்ந்த வலை என்றால் கடலுக்குப் போகவில்லை என்று பொருள். போகவில்லை என்றால் அடுப்பெரியவில்லை என்று பொருள். பேசாத தாயின் வாய்க்குள் எத்தனை பேச்சு அடங்கிக் கிடக்கின்றது! சொல்லாமற் சொல்லும் இந்நெறியைத்தான் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பழந்தமிழர் வகுத்தனர். பழம்பாட்டில் அதனைக் கண்டு வியந்து பாடம் நடத்தும் ஆசிரியர், தம் கண்முன் ஒரு பிள்ளையின் ஏட்டில் அது பிறக்கும்பொழுது கண்டுகொள்ளாமற் போவது ஏன்? நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று அவர்தாமே கற்பித்தார்?

‘வழுவை விட்டுவிட்டால் மொழி கெட்டுவிடாதோ?’ என்று சிலர் வினவக்கூடும். முறையான வினாவே. லகர, ளகர, ழகர வேறுபாடும், ரகர, றகர வேறுபாடும் தமிழுக்கு உயிர். அவற்றைத் திருத்தாமல் விடும் ஆசிரியர் தம் கடமையில் தவறியவராவார். ஆனால் திருத்தத்திற்கும் ஒரு பொழுது உண்டு. கருவிலிருக்கும் குழவிக்கு எவரும் மூக்குத்தி அணிவிப்பதில்லை. முதற்படியில் பிள்ளை சொல்லவந்ததைக் கேட்க வேண்டும். அதன்பின்னரே எழுத்தும் சொல்லும் திருத்தம் பெற வேண்டும். பேச்சில் எழுந்த வரியைச் செந்தமிழ் வரியாக மாற்றும் பயிற்சியைப் பிள்ளையே செய்தல் வேண்டும். ஆசிரியர் செய்து கொடுத்தலாகாது.

தொல்காப்பியர் இதற்கு வழிகாட்டியுள்ளார். செய்யுளுக்கு வனப்பு எட்டு என வகுத்த அவர், அவற்றுள் ஒன்றாகப் ‘புலன்’ என்பதை வைத்தார். ஊர்மக்கள் பேசும் பேச்சாலேயே அமைந்து, உரைகாரரின் துணையின்றிக் கேட்டவுடன் பொருள் விளங்கும் பாட்டிற்கு அவர் இட்ட பெயர் அது. வழக்கு, செய்யுள் என்னும் இரண்டையும் ஆராய்ந்தே அவர் இலக்கணம் செய்தார். யாப்பின் வகைகளுள் விடுகதையாகிய பிசியையும், பழமொழியாகிய முதுசொல்லையும் பாட்டோடும் உரையோடும் ஒருங்கு வைத்தெண்ணினார். தொல்காப்பியர் ஏற்ற பிசியை இற்றை வகுப்பறை ஏற்கவில்லை. அவர் வனப்பென்று போற்றிய பேச்சை இற்றைத் தாள் வழுவென்று தள்ளுகின்றது. அவ்வாறாயின் தொல்காப்பிய மரபைக் காப்பவர் யார்? தள்ளும் ஆசிரியரா, பாட்டியின் விடுகதையைச் சுமந்துவரும் பிள்ளையா?

ஆசிரியர் செய்யத்தக்கவை அரியனவல்ல. பாட்டை முதலில் நூலை மூடிவைத்துவிட்டு இருமுறை பாடிக் காட்டுக. கடலில் வலையிழுக்கும்போது கைகளெல்லாம் ஒருங்கே இயங்குதற்கென்று மீனவர் பாடும் அம்பாப் பாட்டின் ஓசையைப் பிள்ளைகளைக்கொண்டே பாடச் செய்க. ‘ஏலேலோ’ என்று ஒரு கூட்டம் தொடுக்க, மறு கூட்டம் முடிக்கும்பொழுது அசையும் சீரும் அடியும் தாமே காதில் படியும். பின்னர் நேரசை நிரையசை என்று பெயர் சொன்னால் போதும். விடுகதையிலிருந்து எழுத்தைத் தொடங்குக. வலை, நண்டு, கலங்கரை விளக்கம் என ஒன்றைப் பெயர் சொல்லாமல் சொல்லுமாறு பணித்தால், உவமை என்னும் அணி இன்னதென்று பிள்ளை தானே கண்டுகொள்ளும். வகுப்பிற்கொரு சொற்சுவடி வைத்து, பாட்டன் பாட்டியரிடம் கேட்டறிந்த மீன், காற்று, வலை, மரம் ஆகியவற்றின் பெயர்களை நாளுக்கொருவராக எழுதச் செய்க. பாடும் முறையையும் எழுதிப் படித்துக்காட்டும் முறையையும் சீட்டெடுத்து வைக்க. கடைசி வரிசைப் பிள்ளைக்கும் அதன் நாள் வரட்டும். இதற்கெல்லாம் அரசாணை வேண்டுவதில்லை, பொருட்செலவும் இல்லை.

பிற நாட்டாரும் இவ்வுண்மையைக் கண்டுள்ளனர். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆசுட்டன் வார்னர் என்னும் அம்மையார், ஆங்கிலக் குழந்தைகளுக்கென எழுதப்பட்ட பாடநூல் அக்குழந்தைகளின் நெஞ்சில் ஏறாமை கண்டார். நூலை ஒதுக்கிவைத்து, ‘உனக்கு இன்று எந்தச் சொல் வேண்டும்?’ என்று ஒவ்வொரு குழந்தையையும் கேட்டார். கேட்ட சொல்லை அட்டையில் எழுதி அதன் கையிலேயே கொடுத்தார். பேய், முத்தம் என அச்சமும் அன்பும் தோய்ந்த சொற்களையே குழந்தைகள் கேட்டன. கேட்ட சொல்லை ஒருமுறை பார்த்த அளவிலேயே மறவாது கற்றன. தம் பட்டறிவை அவர் 1963-இல் நூலாக வெளியிட்டார். வகுப்பிலிருந்த பிள்ளையைச் சொல்லுக்குரியவனாக மதித்தது ஒன்றே அவர் கண்ட புதுமை.

தமிழில் குழந்தைகளுக்குப் பாட்டெழுதிய பெருமக்களுக்குக் குறைவில்லை. கவிமணி எழுதினார், பாவேந்தர் ‘இளைஞர் இலக்கியம்’ தந்தார், அழ. வள்ளியப்பா வாழ்நாளெல்லாம் எழுதினார். பாவலரேறு பெருஞ்சித்திரனார் ‘பள்ளிப் பறவைகள்’ பாடினார். குழந்தைகளுக்கென்று எழுதிய பாட்டுகளுக்கு நூலகத்தில் அடுக்கு உண்டு. குழந்தைகளே எழுதிய பாட்டுகளுக்கு அடுக்கு எங்கே? 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைப் பள்ளிதோறும் பாடமாக்கியது, வேண்டுவதே. 2018-இல் வந்த ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் மீனவர் பாடும் நாட்டுப்புறப் பாட்டும் இடம்பெற்றது, அதுவும் நன்றே. ஆயினும் அப்பாட்டிற்கும் கோடிட்ட இடம் நிரப்புக என்பதே முடிவாயின், பயன் என்ன? சட்டம் தமிழை வகுப்பின் வாயில்வரை கொணரும். பிள்ளையின் வாய்வரை கொணர்வது ஆசிரியரின் பணி.

இப்பணிக்குக் காலமும் நீளமாக இல்லை. கழியின் முகம் மணலால் தூர்ந்து அடைபடும்பொழுதெல்லாம் மீன்வரத்துக் குறைகின்றது. தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் தொடங்கிற்று. பின்னர்க் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் எழுந்தது. 2004-இன் ஆழிப்பேரலை கடற்கரைக் குப்பங்களைப் புரட்டிப் போட்டது. மீனவர் மக்கள் வேறு தொழில் நாடி நகரம் ஏகுகின்றனர்; அது அவர்தம் உரிமை; அதனைத் தடுத்தல் முறையன்று. ஆனால் தொழிலை விட்டு அகலும்போது அத்தொழிலின் சொற்களும் உடன் அழிந்துவிடும். ஒரு மீனின் பெயர் மறைந்தால் ஒரு தமிழ்ச்சொல் மறைகின்றது. அச்சொல்லை எவ்வாணையத்தாரும் மீட்டுத் தரவியலாது. நான்காம் வகுப்புப் பிள்ளையொன்று தன் பாட்டியிடம் கேட்டு எழுதிவைத்த ஏடு மட்டுமே மீட்டுத் தரும்.

தீய ஆசிரியருக்கு நன்னூலார் மடற்பனையை உவமை கூறினார். அது தானாகக் கனியை உதிர்த்தால் பெறலாம். அணுகி ஏறிக் கொள்ளவோ மட்டைக் கருக்கு விடாது. பழவேற்காட்டில் பனைக்குக் குறைவில்லை; அதன் ஓலையால் அழகிய பெட்டிகளும் முடைகின்றனர். கருக்கை நீக்கி ஓலையைப் பதப்படுத்தத் தெரிந்த கைகள் அங்கே உள. ஆசிரியரும் தம் சிவப்பு மையாகிய கருக்கைச் சற்றே நீக்குக. பிள்ளைகள் அணுகி வரட்டும். தம் சொல்லோடு வரட்டும்.

நாளை வகுப்பிற்குள் நுழைந்தவுடன் நூலைத் திறவாமல் ஒரு வினாவைக் கேட்க: ‘இன்று பாடு யாருக்கு?’ கோட்டைக்குப்பத்துப் பிள்ளைகள் முதலில் சிரிப்பர். பின்னர் ஒரு பிள்ளை எழுந்து நிற்கும். எழுந்து நிற்கும் அப்பிள்ளையின் முதற்சொல்லைத் திருத்தாமல் கேட்டுக்கொள்க.